கற்பிக்காததைக் கேட்கலாமா?

2024 நவம்பர் 5 அன்று டிரம்ப்பா, கமலா ஹாரிஸா என்று உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. அதே நாளில், அதே வாக்குச்சீட்டில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்கப்பட்டது. பள்ளி இறுதிச் சான்றிதழ் வேண்டுமானால் மாநில அரசு நடத்தும் தேர்வில் தேறியே ஆக வேண்டும் என்ற விதியை எடுத்துவிடலாமா என்பதுதான் அது. ஏறத்தாழ 59 சதவீதம் பேர் எடுத்துவிடலாம் என்றார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் நடைமுறையில் இருந்த விதி அத்தோடு போனது.

மாசசூசெட்ஸ் கல்வியில் பின்தங்கிய மாநிலமல்ல. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் இருக்கும் மண் அது. அமெரிக்காவின் முதல் பொதுப் பள்ளியான பாஸ்டன் லத்தீன் பள்ளி 1635இல் தொடங்கப்பட்டது அங்கேதான். நான்காம், எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு நாடு தழுவிய அளவில் நடக்கும் மதிப்பீட்டில் 2005 முதல் பெரும்பாலும் முதல் வரிசையில் நிற்பதும் அந்த மாநிலமே. அப்படிப்பட்ட இடத்தில் மக்கள் தேர்வுக்கு எதிராக வாக்களித்ததால்தான் அமெரிக்கக் கல்வியுலகம் திடுக்கிட்டது. மாநில ஆளுநர் மாரா ஹீலி தேர்வு தொடர வேண்டும் என்றார். நியூயார்க் முன்னாள் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் அந்தத் தரப்புக்கு 25 லட்சம் டாலர் கொடுத்தார். எதிர்ப்புறம் நின்றது மாசசூசெட்ஸ் ஆசிரியர் சங்கம். கடைசியில் வென்றது ஆசிரியர் சங்கம்தான்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது சற்றுப் புதிராக இருக்கும். இங்கே பொதுத் தேர்வில் வாங்கும் மதிப்பெண்தான் சான்றிதழ். அமெரிக்காவில் முறை வேறு. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்கு ஆண்டுகள் வகுப்பில் எடுத்த பாடங்கள், ஆசிரியர்கள் தந்த மதிப்பெண்கள், இவற்றைக் கூட்டித்தான் உள்ளூர்ப் பள்ளி நிர்வாகம் 'டிப்ளமோ' எனப்படும் இறுதிச் சான்றிதழைத் தருகிறது. சில மாநிலங்கள் அதற்கு மேல் ஒரு வாயிற்கதவை வைத்திருக்கின்றன. மாசசூசெட்ஸில் இருந்த அந்தக் கதவின் பெயர் எம்.சி.ஏ.எஸ். பத்தாம் வகுப்பில் ஆங்கிலம், கணக்கு, அறிவியல் ஆகியவற்றில் இந்தத் தேர்வு நடக்கிறது. கல்லூரிச் சேர்க்கைக்கும் இதற்கும் தொடர்பில்லை. விதி இருந்தவரை, தேறினால் கதவு திறந்தது. தேறாவிட்டால், வகுப்பில் எவ்வளவு நன்றாகப் படித்திருந்தாலும் பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் சான்றிதழ் கிடைக்கவில்லை. சான்றிதழோ அதற்கு இணையான தகுதியோ இல்லாதவருக்குக் கல்லூரிக்கான அரசு உதவித்தொகை எட்டாது, ராணுவத்தில் இடம் கிடைப்பது கடினம், நிலையான சம்பளம் தரும் பல வேலைகளுக்கு மனுவே போட முடியாது.

இந்தக் கதவில் முட்டிக்கொண்டு நின்றவர்கள் யார்? வாக்கெடுப்பின்போது இரு தரப்பும் ஒரே எண்ணைத்தான் சொன்னார்கள்: ஆண்டுக்கு ஏறத்தாழ 700 பேர். மாநிலம் முழுவதும் படித்து முடிப்பவர்களில் இது ஒரு சதவீதம். மறுதேர்வுகள் உண்டு, மேல்முறையீடு உண்டு, 99 சதவீதம் பேர் தேறிவிடுகிறார்கள், பிறகு எதற்கு இவ்வளவு கூச்சல் என்று தேர்வின் ஆதரவாளர்கள் கேட்டார்கள். அந்த 700 பேரில் மிகப் பெரும்பாலோர் மாற்றுத்திறனாளிகள், அல்லது ஆங்கிலத்தை இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கும் குடியேறிகளின் பிள்ளைகள் என்பதை எதிர்ப்பாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். பதினைந்து வயதில் வேற்று நாட்டிலிருந்து வந்து இறங்கிய சிறுமிக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதுவதற்கு ஒன்றிரண்டு ஆண்டுகள்தான் அவகாசம். அவளுக்குக் கணக்கு வராது என்றோ உழைப்பு போதாது என்றோ அந்தத் தேர்வு நிரூபிக்கவில்லை. அவள் எப்போது விமானம் ஏறினாள் என்பதைத்தான் அளந்தது.

மாசசூசெட்ஸ் வாக்காளர்கள் செய்தது சரியே. ஆனால் அது சரி என்பதற்கான காரணத்தைப் புரிந்துகொள்ளாவிட்டால், தேர்வு போன இடத்தில் அதைவிட மோசமான ஒன்று வந்து உட்கார்ந்துவிடும். காரணத்தை அறிய ஐம்பது ஆண்டுகள் பின்னே போக வேண்டும்.

1970களில் அமெரிக்கப் பெற்றோர்களிடம் ஒரு கோபம் பரவியிருந்தது. பள்ளிகள் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கும் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுகின்றன என்பது அந்தக் கோபம். அதற்கு ஆதாரமும் இருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் பள்ளிப் படிப்பை முடித்துச் சான்றிதழும் பெற்ற ஓர் இளைஞர், தனக்கு ஐந்தாம் வகுப்பு மாணவன் அளவுக்குத்தான் வாசிக்கத் தெரியும் என்று சொல்லிப் பள்ளி நிர்வாகத்தின் மேல் வழக்குத் தொடுத்தார். 'பீட்டர் டபிள்யூ.' என்ற மறைபெயரில் நடந்த அந்த வழக்கை 1976இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சரியாகக் கற்பிக்கவில்லை என்பதற்காகப் பள்ளியிடம் இழப்பீடு கேட்க முடியாது என்பது தீர்ப்பு.

அதே 1976இல் ஃபுளோரிடா ஒரு சட்டம் கொண்டுவந்தது. வாசிப்பிலும் கணக்கிலும் அடிப்படைத் திறன் இருக்கிறதா என்று மாணவர்களைச் சோதித்து, தேறியவர்களுக்கு மட்டுமே சான்றிதழ் தருவது என்ற வழக்கம் அங்கே வேர்பிடித்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நடந்தது விளங்கும். கற்பிக்காத பள்ளிக்குத் தண்டனை இல்லை. கற்றுக்கொள்ளாத பிள்ளைக்கு உண்டு.

1977இல் ஃபுளோரிடாவில் முதல் தேர்வு நடந்தது. கறுப்பின மாணவர்களில் 78 சதவீதம் பேர் தவறினார்கள், வெள்ளையரில் 25 சதவீதம் பேர். மூன்று முறை எழுதிய பிறகும் கறுப்பினத்தவரில் 20 சதவீதம் பேர் தேறவில்லை, வெள்ளையரில் இரண்டு சதவீதம்கூட இல்லை. இந்தப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது ஃபுளோரிடாவில் கறுப்பினத்தவருக்குப் பெரும்பாலும் தனிப் பள்ளிகள்தான். பழைய பாடநூல்கள், இடிந்த கட்டடங்கள், குறைந்த ஆசிரியர்கள். அரசே பிரித்து வைத்துக் குறைவாகக் கற்பித்துவிட்டு, பத்து ஆண்டுகள் கழித்து அதே அரசு கேள்வித்தாளை நீட்டியது.

டாம்பா நகர மாணவர்கள் நீதிமன்றம் போனார்கள். 'டெப்ரா பி. எதிர் டர்லிங்டன்' என்ற அந்த வழக்கில் 1979இல் நீதிபதி, தேர்வு இருக்கலாம், ஆனால் அதைக் காரணம் காட்டி நான்கு ஆண்டுகளுக்கு யாருடைய சான்றிதழையும் நிறுத்தக் கூடாது என்று உத்தரவிட்டார். பிரித்து வைத்த பள்ளியில் காலடி வைக்காத தலைமுறை வரும் வரை காத்திருக்கச் சொன்னார். 1981இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. தேர்வில் கேட்பது வகுப்பில் உண்மையிலேயே கற்பிக்கப்பட்டதுதானா என்று அரசு நிரூபிக்க வேண்டும், கற்பிக்காததைக் கேட்டுச் சான்றிதழை மறுப்பது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்றது. பிற்பாடு ஃபுளோரிடா அரசு தன் பள்ளிகளில் ஆய்வு நடத்தி, கற்பிக்கிறோம் என்று காட்டி அனுமதி பெற்றது. தேர்வு தொடர்ந்தது. ஆனாலும் அந்தக் கோட்பாடு அமெரிக்கச் சட்டத்தில் நிலைத்துவிட்டது.

நல்ல கோட்பாடு. ஆனால் அதை நிறைவேற்றியதாகக் காட்டுவது அரசுகளுக்கு எளிதாகிப்போனது. பாடத்திட்டத்தில் அச்சிட்டிருக்கிறது, ஆகவே கற்பித்துவிட்டோம் என்று சொல்லிவிடலாம். கணக்கு ஆசிரியர் பாதி ஆண்டுக்கு மேல் வராத வகுப்பறையை எந்த அறிக்கையும் காட்டாது.

கற்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பதை 1993 மாசசூசெட்ஸ் கதை இன்னும் தெளிவாக்குகிறது. பிராக்டன் போன்ற வசதி குறைந்த ஊர்களின் மாணவர்கள் போட்ட வழக்கில், மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூன் 15 அன்று அரசைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. ஜான் ஆடம்ஸ் எழுதிய 1780ஆம் ஆண்டு மாநிலச் சாசனமே எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி தருவதை அரசின் கடமையாக்குகிறது, அந்தக் கடமையில் அரசு தவறிவிட்டது என்றது தீர்ப்பு. மூன்றே நாளில் ஆளுநர் வில்லியம் வெல்ட் கல்விச் சீர்திருத்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஏழை ஊர்களின் பள்ளிகளுக்கு மாநில நிதி அடுத்த ஏழு ஆண்டுகளில் ஏறத்தாழ இரு மடங்கானது. பொதுப் பாடத்திட்டம் வந்தது. அவற்றோடு சேர்ந்து வந்ததுதான் எம்.சி.ஏ.எஸ். 2003இல் படித்து முடித்தவர்கள்தாம் அந்தக் கதவைத் தாண்ட வேண்டியிருந்த முதல் அணி.

மாநிலம் முன்னேறியதற்குத் தேர்வுதான் காரணம் என்று அதன் ஆதரவாளர்கள் இன்றும் சொல்கிறார்கள். பணம், பாடத்திட்டம், தேர்வு மூன்றும் ஒன்றாக வந்தபோது பெருமையை மூன்றாவதற்கு மட்டும் கொடுப்பது நியாயமில்லை. மாநிலத்துக்குப் பெயர் வாங்கித் தந்த தேசிய மதிப்பீடு நான்காம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. அவர்கள் எவரும் எம்.சி.ஏ.எஸ். தவறினால் சான்றிதழ் போய்விடும் என்று பயந்து படிக்கவில்லை.

தேர்வின் தரப்பில் உண்மையும் உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. தேர்ச்சி கட்டாயமாகாத 2000இல் பத்தாம் வகுப்பு மாணவர்களில் 55 சதவீதம் பேர்தான் கணக்கில் தேறினார்கள். கட்டாயமான 2001இல் அது 75 சதவீதம். பயம் பிள்ளைகளை எழுதவைத்தது, பள்ளிகளைச் சிறப்பு வகுப்பு நடத்தவைத்தது. எம்.சி.ஏ.எஸ். மதிப்பெண்ணுக்கும் பிற்காலக் கல்லூரிப் படிப்புக்கும் சம்பாத்தியத்துக்கும் தொடர்பு இருப்பதாக பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதாவது தேர்வு எதையோ உண்மையாகவே அளக்கிறது. அளக்கும் கருவி தேவையா என்பதில் சண்டையில்லை. அந்த அளவை வைத்துப் பதினேழு வயதுப் பிள்ளையின் கையிலிருந்து சான்றிதழைப் பிடுங்கலாமா என்பதே கேள்வி.

அந்தக் கேள்விக்கு ஆய்வுகளின் பதில் தெளிவானது. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2011இல் வெளியிட்ட அறிக்கை, இறுதித் தேர்வுகள் படிப்பை முடிப்போரின் விகிதத்தை ஏறத்தாழ இரண்டு புள்ளி குறைக்கின்றன, கற்றலை உயர்த்துவதில்லை என்று முடிவுக்கு வந்தது. மாசசூசெட்ஸிலேயே 2010இல் வெளியான ஓர் ஆய்வு, கணக்கில் மயிரிழையில் தவறியவர்களையும் மயிரிழையில் தேறியவர்களையும் ஒப்பிட்டது. இருவருக்கும் திறமையில் வேறுபாடு கிடையாது, ஒரு கேள்விதான் வித்தியாசம். நகரத்து ஏழைக் குடும்பப் பிள்ளைகளில், மயிரிழையில் தவறியவர்கள் உரிய காலத்தில் பள்ளியை முடிக்கும் வாய்ப்பு எட்டு புள்ளி குறைந்தது. வசதியான குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அப்படி எந்தப் பாதிப்பும் இல்லை. அவர்களுக்கு ட்யூஷன் இருந்தது, மறுதேர்வுக்கு அழைத்துப்போகும் பெற்றோர் இருந்தார்கள். ஏழைப் பிள்ளைக்கோ அந்தத் தோல்வி, 'படிப்பு உனக்கு வராது' என்று அரசே முத்திரை குத்தியதுபோல் ஆனது.

கலிபோர்னியா இந்தப் பாடத்தைக் கசப்பாகவே கற்றது. அங்கே 2006 முதல் இறுதித் தேர்வு கட்டாயம். 2015இல் தேர்வு நடத்தும் நிறுவனத்துடனான ஒப்பந்தம் முடிந்தது, ஜூலையில் நடக்க வேண்டிய மறுதேர்வை அரசே ரத்து செய்தது. கல்லூரியில் இடம் வாங்கி வைத்திருந்த மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். எழுதச் சொன்ன தேர்வை எழுதவே வழியில்லை, எழுதாததால் சான்றிதழும் இல்லை. ஆகஸ்டில் அவசரச் சட்டம் போட்டு அந்த ஆண்டு மாணவர்களைக் காப்பாற்றினார்கள். அக்டோபரில் இன்னொரு சட்டம் தேர்வை நிறுத்திவைத்ததோடு, தேர்வால் மட்டுமே சான்றிதழ் இழந்தவர்கள் அனைவருக்கும் அதைத் தரச் சொன்னது. அதே ஆண்டு ஜார்ஜியாவும் தன் பழைய இறுதித் தேர்வுகளால் நின்றுபோனவர்களுக்குப் பின்தேதியிட்டுச் சான்றிதழ் வழங்க முடிவெடுத்தது.

பத்து ஆண்டு கழித்துத் தபாலில் வந்த சான்றிதழ், பதினெட்டு வயதில் போயிருக்க வேண்டிய கல்லூரியைத் திருப்பித் தருமா?

ஒரு காலத்தில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருந்த இந்தத் தேர்வு, இப்போது பத்துக்கும் குறைவான மாநிலங்களில்தான் இருக்கிறது. 1870கள் முதல் 'ரீஜென்ட்ஸ்' தேர்வை உயர்நிலைப் பள்ளிகளில் நடத்திவரும் நியூயார்க்கே, 2027-28 கல்வியாண்டிலிருந்து சான்றிதழுக்கு அதைக் கட்டாயமாக்குவதில்லை என்ற திட்டத்தை அறிவித்திருக்கிறது. டெக்சஸ், ஃபுளோரிடா, நியூ ஜெர்சி, வர்ஜீனியா போன்றவை இன்னும் வைத்திருக்கின்றன.

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். தேர்வை எடுத்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தலைநகர் வாஷிங்டனே சாட்சி. அங்கே இறுதித் தேர்வு கிடையாது. 2017இல் பலூ உயர்நிலைப் பள்ளியில் கடைசி வகுப்பு மாணவர்கள் அனைவருக்கும் கல்லூரியில் இடம் கிடைத்ததாக நாடே கொண்டாடியது. சில மாதங்களில் வானொலிச் செய்தியாளர்கள் உண்மையை வெளியே கொண்டுவந்தார்கள். சான்றிதழ் பெற்றவர்களில் பாதிப் பேர் மூன்று மாதத்துக்கு மேல் வகுப்புக்கே வந்திருக்கவில்லை. நகர நிர்வாகம் விசாரித்தபோது, அந்த ஆண்டு வாஷிங்டன் பொதுப் பள்ளிகளில் படித்து முடித்த 2,758 பேரில் 937 பேருக்கு விதிகளை மீறிச் சான்றிதழ் கொடுக்கப்பட்டது தெரியவந்தது. அந்தப் பிள்ளைகளும் பெரும்பாலும் ஏழைகள், கறுப்பினத்தவர். ஒரு மாநிலம் அவர்களைக் கதவடைத்து ஏமாற்றியது என்றால், இன்னொரு நகரம் கதவைத் திறந்துவிட்டே ஏமாற்றியது.

மாசசூசெட்ஸுக்கு இந்த ஆபத்து உண்டு. எம்.சி.ஏ.எஸ். விதி போன பிறகு, யாருக்குச் சான்றிதழ் தருவது என்பதை முந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் தனித்தனியே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. எந்தெந்தப் பாடங்களைப் படித்திருக்க வேண்டும் என்ற பரிந்துரைப் பட்டியல் மாநிலத்திடம் உண்டு, ஆனால் அது கட்டாயமல்ல. பணக்கார ஊர் உயர்ந்த அளவுகோல் வைக்கும், பிள்ளைகளுக்கு அதை எட்டவும் உதவும். ஏழை ஊர், எண்ணிக்கையைக் காட்ட அளவுகோலைத் தாழ்த்தும். 1993இல் நீதிமன்றம் கண்டித்த அதே ஏற்றத்தாழ்வு வேறு வேடத்தில் திரும்பும். ஆளுநர் ஹீலி புதிய தகுதிகளை வகுக்க 2025 ஜனவரியில் ஒரு குழுவை அமைத்தது இதனால்தான்.

நல்ல வழிகள் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கின்றன. நியூயார்க்கில் முப்பதுக்கும் மேற்பட்ட பொதுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகப் பெரும்பாலான ரீஜென்ட்ஸ் தேர்வுகளுக்கு விலக்குப் பெற்றிருக்கின்றன. அங்கே மாணவர் ஓர் இலக்கியத் திறனாய்வு, ஒரு சமூக அறிவியல் ஆய்வுக் கட்டுரை, தானே வடிவமைத்த ஓர் அறிவியல் சோதனை, ஒரு கணக்குச் செயல்திட்டம் ஆகியவற்றை முடித்து, ஆசிரியர்களும் வெளியாட்களும் அடங்கிய குழுவின் முன் நின்று பதில் சொல்ல வேண்டும். இது எளிதான வழியல்ல. மூன்று மணி நேரத் தேர்வைவிடக் கடினம். ஆனால் திக்கித் திக்கி ஆங்கிலம் பேசும் மாணவரும் தனக்குத் தெரிந்ததைக் காட்ட இடம் இருக்கிறது.

டெக்சஸ் 2013இல் தன் பதினைந்து தேர்வுகளை ஐந்தாகக் குறைத்தது. 2015இல், ஐந்தில் இரண்டு வரை தவறியவருக்காகத் தலைமையாசிரியர், பாட ஆசிரியர், பெற்றோர் அடங்கிய குழு கூடி, கூடுதல் பயிற்சியும் செயல்திட்டமும் தந்து சான்றிதழ் தரலாம் என்று சட்டம் செய்தது. ஈழத் தமிழர்கள் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் பத்தாம் வகுப்பில் எழுத்தறிவுத் தேர்வு கட்டாயம். தவறியவர் அதே திறனைக் கற்பிக்கும் ஒரு முழுப் பாடத்தைப் படித்து முடித்தால் போதும், தேர்வுக்கு ஈடாக அது ஏற்கப்படும். கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ பதினைந்து வயதில் டொரொன்டோ வந்து சேரும் பிள்ளைக்கு இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். 'உனக்கு இது வரவில்லை' என்று சொல்வதோடு நிற்காமல், 'உட்கார், சொல்லித் தருகிறோம்' என்று அந்த அரசு சொல்கிறது.

மாசசூசெட்ஸ் சட்டமன்றம் இப்போது செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, எம்.சி.ஏ.எஸ். தேர்வைப் பத்தாம் வகுப்பில் தொடர்ந்து நடத்தி, பள்ளிவாரியாக முடிவுகளை வெளியிட வேண்டும். எந்தப் பள்ளியில் பிள்ளைகள் தவறுகிறார்களோ அந்தப் பள்ளிக்கு ஆசிரியரும் நிதியும் போய்ச் சேர வேண்டும். இரண்டாவது, சான்றிதழுக்கு எந்தெந்தப் பாடங்கள் தேவை என்பதை மாநிலம் முழுவதற்கும் ஒன்றாக, சட்டமாகவே வகுக்க வேண்டும். மூன்றாவது, மாணவர்கள் தங்கள் திறனை ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் காட்ட இடம் தந்து, அவற்றை வெளியாட்கள் பார்வையிட வழிசெய்ய வேண்டும், வாஷிங்டனில் நடந்தது பாஸ்டனில் நடக்காமல் இருக்க. தேர்வை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் மாநிலங்களும், 1981இல் நீதிமன்றம் கேட்ட ஆதாரத்தை ஒவ்வொரு பள்ளிக்கும் ஒவ்வோர் ஆண்டும் காட்டட்டும். காட்ட முடியாத பள்ளியில் படித்த பிள்ளையின் சான்றிதழை நிறுத்திவைக்க எந்த அரசுக்கும் உரிமை கிடையாது.